ஆம்பூர் வாசனையும் ஐம்பத்து நான்காம் பிரிவும்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே ஆடிட்டர் சார் என் ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்.

எழுபதுகளின் நடுப்பகுதி. வேலூரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் அவருடைய ஆபீஸ். பி.காம். படித்த பெண்ணை ஆடிட்டர் ஆபீசில் வேலைக்கு வைப்பது அப்போது ஊரே பேசும் விஷயம். சர்டிபிகேட் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடியேறி அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். சார் தலையைத் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆம்பூரா?" என்றார்.

"ஆமா சார்."

"உக்காரும்மா. அந்த நாற்காலி வேணாம், ஜன்னலோரமா உக்காரு."

எப்பேர்ப்பட்ட மூளை என்று நான் அசந்துபோனேன். முகத்தைப் பார்த்தே ஊரைச் சொல்கிற மனிதரிடம் வேலை கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று அன்று முழுக்க ஒரே பெருமை. தினமும் ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன். ஆம்பூர் தாண்டி ஏறுகிறவர்கள் என் பக்கத்து சீட் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவார்கள். படித்த பெண் என்று மரியாதை கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து வருவேன். என் அப்பா தோல் பதனிடும் ஒரு டேனரியில் கணக்கு எழுதினார். எங்கள் தெருவுக்குப் பின்னாலேயே தோல் மண்டிகள். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு வேண்டியிருக்கும்.

இந்தத் தொழிலில் பல வருடம் இருந்துவிட்டேன். இளைய பிள்ளைகள் கேட்டதால் எழுதுகிறேன். நான் ஜெயித்த கதையைத்தான் எழுதுவேன். தோற்ற கதைகள் வேண்டுமானால் இன்கம்டாக்ஸ் டிபார்ட்மென்ட்காரர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள், அவர்கள் ஆசையாகச் சொல்வார்கள்.

ரிக்‌ஷாவில் நடந்த கன்சல்டேஷன்

ஒரு நாள் காலையில் கீழே ஜவுளிக்கடைப் பையன் மேலே ஓடி வந்தான். "அக்கா, கீழ ஒரு அம்மா ரிக்‌ஷாலயே உக்காந்துனு இருக்காங்க. மாடி ஏற முடியாதாம். ஆடிட்டர இறங்கி வரச் சொல்றாங்க."

சார் இறங்கி வருகிற ஆள் இல்லை. என்னை அனுப்பினார்.

ரிக்‌ஷாவில் இருந்தவர் ரூத் சிஸ்டர். சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரி இல்லை, நர்ஸ். ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஹெட் நர்சாக இருந்து ரிடையர் ஆனவர். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஆம்பூரில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். நானும்தான்.

"நீ கணக்கெழுதற டேவிட் பொண்ணு தானே? பொறக்கறப்பவே காலு முன்னால வந்து பேஜார் பண்ணவ. ஏறி உக்காரு" என்றார்.

பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். என்னுடைய முதல் கட்சிக்காரரிடம் நான் பேசியது அந்த சைக்கிள் ரிக்‌ஷாவில்தான். ரிக்‌ஷாக்காரர் பீடி பிடிக்கப் போயிருந்தார்.

விஷயம் இதுதான். ஆம்பூர் வீட்டுக்கு வாசலில் உயரமான படிகள். குளியலறை கொல்லையில், அதற்கும் படி இறங்க வேண்டும். மழைநாளில் அந்தப் படியில் வழுக்கி விழுந்து சிஸ்டருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்ததும் வேலூரில் ஒரு சபை நடத்தும் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். கூடவே நர்ஸ்கள் இருந்து பார்த்துக்கொள்கிற இடம். கொஞ்ச நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் சேர்ந்தார். கோல் ஊன்றி நடக்க வந்தது, படி ஏற மட்டும் வரவில்லை. கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது.

கடைசியில் ஒரு முடிவெடுத்தார். ஆம்பூர் வீட்டைப் பக்கத்து வீட்டுத் தோல் வியாபாரி கரீம் பாய்க்கு விற்றார். பாயின் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், நடுச்சுவரை இடித்து இரண்டு வீட்டையும் ஒன்றாக்க வேண்டும். சிஸ்டர் அந்தப் பணத்தில் வேலூரிலேயே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் படியில்லாத சின்ன வீடு ஒன்று பார்த்துப் பேசி வைத்திருந்தார். குளியலறை உள்ளேயே இருந்தது.

"ஹோம்ல நல்லாத்தானே பாத்துக்கறாங்க சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லா. சாப்பாடு, மாத்திரை எல்லாம் டயத்துக்கு வந்துடும். ஆனா கதவுக்கு உள்பக்கம் தாப்பா இல்ல."

நான் புரியாமல் பார்த்தேன்.

"வார்டுல தாப்பாவெல்லாம் கழட்டச் சொன்னவளே நான் தான். பேஷண்டு உள்ள விழுந்துட்டா கதவ யாரு ஒடைக்கறது? ரூல் கரெக்ட்டு. ஆனா இப்ப நான் டிரஸ் மாத்தறப்ப யாராவது வந்துடறாங்க. ஜெபம் பண்றப்ப வந்துடறாங்க. அழுவணும்னு தோணுச்சின்னா கூட வந்துடறாங்க. சாவற வரைக்கும் பேஷண்டாவே இருக்கணுமா, சொல்லு?"

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது.

"ஹோம்ல ஒருத்தர் சொல்றாரு, வித்த லாபத்துக்கு இன்கம்டாக்ஸ் போடுவான்னு. டாக்ஸ் போட்டா புது வீட்டுக்கு பணம் பத்தாது. போடமாட்டான்னு நீ சொன்னாத்தான் நான் வாங்குவேன். வாங்கிட்டு அப்புறம் டாக்சுக்காக அதையும் விக்கற பொழப்பு எனக்கு வேணாம். இன்னா சொல்ற?"

அன்றைய சட்டம்

அன்றைக்கு வருமான வரிச் சட்டத்தின் ஐம்பத்து நான்காம் பிரிவு சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டை விற்று லாபம் வந்தால் வரி உண்டு. ஆனால் ஒரு வருடத்துக்குள் அந்த லாபத்தைப் போட்டு, தான் குடியிருக்க வேறு வீடு வாங்கினால் வரி இல்லை. இது வரைக்கும் சிஸ்டருக்குச் சாதகம்.

வில்லங்கம் அடுத்த வரியில் இருந்தது. விற்ற தேதிக்கு முந்தைய இரண்டு வருடமும் அந்த வீடு முக்கியமாகச் சொந்தக் குடியிருப்புக்காகப் பயன்பட்டிருக்க வேண்டும். சிஸ்டரோ அந்த இரண்டு வருடத்தில் பெரும்பகுதி இல்லத்துக் கட்டிலில் இருந்தார்.

ஆடிட்டர் சார் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினார். "தேறாதும்மா. அவங்க இருந்தது ஹோம்ல. வீடு பூட்டிக் கெடந்தது. டாக்ஸ் கட்டிடச் சொல்லு."

"சார், ஆஸ்பத்திரில படுத்தா ஆஸ்பத்திரி வீடாயிடுமா?"

"அத என்கிட்ட கேக்காத, ஐ.டி.ஓ.கிட்ட கேளு" என்றார்.

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். நான் நிஜமாகவே கேட்கப் போனேன்.

ஐ.டி.ஓ. என்றால் இன்கம்டாக்ஸ் ஆபீசர். எங்கள் கேசைப் பார்த்தவர் கோபமே வராத மனிதர். கத்துகிற அதிகாரியைச் சமாளித்துவிடலாம், கோபப்படாதவரிடம்தான் எனக்கு எப்போதும் பயம். சார் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் பேசினேன்.

"சார், எங்க ஊர் முதலாளிங்க தோல் விக்க கல்கத்தா போவாங்க. மாசக்கணக்குல அங்கதான் இருப்பாங்க. அவங்க வீடு ஆம்பூர்ல இல்லன்னு நீங்க எழுதுவீங்களா? சிஸ்டர் வைத்தியத்துக்குப் போனாங்க. வீட்ட யாருக்கும் வாடகைக்கு விடல. கிறிஸ்துமஸுக்கு தூக்கிட்டு வரச் சொல்லி அங்கதான் இருந்தாங்க. கட்டில், பீரோ, அடுப்பு எல்லாம் இன்னும் அங்கதான் இருக்கு. புது வீடு ரெடியாகற வரைக்கும் இருக்கட்டும்னு வாங்கினவரே விட்டு வெச்சிருக்காரு. அந்த வீடு அவங்க குடித்தனத்தத் தவிர வேற எதுக்கும் பயன்படல."

ஐ.டி.ஓ. பேனாவை மூடினார். "அந்த அம்மா எங்க படுத்திருந்தாங்கங்கிறது ஒரு கேள்வி. வீடு எதுக்காக இருந்ததுங்கிறது இன்னொரு கேள்வி. ரெண்டாவது கேள்விக்கு பதில் சுத்தமா இருந்தா, முதல் கேள்விய நான் பெருசு பண்ண மாட்டேன். இன்ஸ்பெக்டர் போய் பார்த்துட்டு வரட்டும்."

வெளியே வந்ததும் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கல்கத்தா பாயிண்ட் நல்லாருந்தது" என்றார். அந்த மனிதரிடமிருந்து அது பாரத ரத்னாவுக்குச் சமம்.

இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்தினார்

இன்ஸ்பெக்டர் கும்பகோணத்துக்காரர். டேனரி கணக்குகளைச் சர்வே பண்ணுவதற்காகச் சில மாதங்களாக ஆம்பூரில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். நான்தான் சாவி வாங்கி வந்து சிஸ்டர் வீட்டுப் பூட்டைத் திறந்தேன். ரொம்ப நாள் அடைத்துக் கிடந்த வீடு. கதவைத் தள்ளியதும் அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். ஜலதோஷம் போலிருக்கிறது என்று நினைத்தேன். வாசல் அறையைத் தாண்டி அவர் உள்ளே போகவே இல்லை. அங்கேயே நின்று ஏதோ எழுதினார், கிளம்பினார்.

"காப்பி சாப்புடறீங்களா சார்?" என்று கேட்டேன். வாந்தி வருகிறவர் மாதிரி தலையாட்டிவிட்டு ஓடினார்.

ரிப்போர்ட் இப்படி வந்தது. வீட்டுக்குள் பச்சைத் தோலின் துர்நாற்றம் கடுமையாக வீசுகிறது. வீட்டை வாங்கியவர் பக்கத்து வீட்டுத் தோல் வியாபாரி. உரிமையாளர் இல்லத்துக்குப் போன பிறகு வீடு அவருடைய தோல் கோடவுனாக இருந்திருக்கிறது. எனவே விலக்குக் கிடையாது.

கரீம் பாயிடம் ஓடினேன். பாய்க்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "சிஸ்டரம்மா வூட்ல நான் தோல் போடுவேனா? என் மூணு புள்ளைங்களையும் பிரசவம் பாத்து கையில குடுத்தவங்கம்மா அவங்க! எனக்கு கோடவுனுக்கு எடம் கம்மியா? இன்னா நாத்தம்? எங்க நாத்தம்?"

இருவரும் சிஸ்டர் வீட்டுக்குள் போய் நின்று இழுத்து இழுத்து மூச்சு விட்டோம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாய்க்கும் தெரியவில்லை. எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டோம், அவருக்கும் தெரியவில்லை. "பூட்டி வெச்ச வீடு, கொஞ்சம் புழுக்கமா இருக்கு" என்றார்.

அந்தக் கும்பகோணத்து மனிதர் வேண்டுமென்றே பொய் எழுதியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். வேறென்ன நினைப்பது?

"என்னையும் கோடவுன்னு எழுதுங்க"

மறு விசாரணையில் ஐ.டி.ஓ. ரிப்போர்ட்டை என் முன்னால் நகர்த்தினார். இன்ஸ்பெக்டர் ஓரமாக நின்றிருந்தார்.

"நீங்களும் உள்ள போனீங்க இல்லையா? நாற்றம் இருந்ததா இல்லையா?"

"இல்ல சார். சத்தியமா ஒண்ணும் வரல."

இன்ஸ்பெக்டர் பொறுக்க முடியாமல், "சார், நின்னா மயக்கம் வர்றது! இவங்க வாய் கூசாம பொய் சொல்றாங்க" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஆடிட்டர் சார் குறுக்கே பேசினார். அதுவரை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்.

"சார், அவ பொய் சொல்லல. அவளுக்குத் தெரியாது. இந்தப் பொண்ணு என் ஆபீசுக்கு வந்த அன்னிக்கு, மாடிப்படி ஏறி முடிக்கறதுக்குள்ள ஆம்பூர்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு. அவ துணிமணியில தோல் வாசனை. ஜன்னல் பக்கம் உக்கார வெச்சேன். இன்னி வரைக்கும் அவகிட்ட சொன்னதில்ல."

எனக்குக் காது சுட்டது. ஜன்னலோர நாற்காலி, பஸ்ஸில் காலியாகக் கிடந்த சீட், எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் கமலா எனக்கு மட்டும் தினமும் மல்லிகைப்பூ வாங்கி வந்து தலையில் வைத்துவிட்டது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கமலாவின் அன்பென்று நினைத்திருந்தேன். ஓடிப்போய்ப் பாலாற்றில் விழலாம் போலிருந்தது. பாலாற்றிலும் தண்ணீர் கிடையாது.

அந்த அவமானம் எவ்வளவு நேரம் இருந்ததோ தெரியாது. அடுத்து வந்தது கோபம், அதோடு சேர்ந்து ஒரு வெளிச்சமும் வந்தது. எழுந்து நின்றேன்.

"அப்போ என்னையும் கோடவுன்னு எழுதிக்குங்க சார்."

ஐ.டி.ஓ. நிமிர்ந்தார்.

"நாத்தம் வந்தா கோடவுன்தானே? எழுதுங்க. நான் கோடவுன். எங்க வீடு கோடவுன். எங்க சர்ச்சு கோடவுன், பாயோட மசூதி கோடவுன், நான் படிச்ச ஸ்கூல் கோடவுன். ஆம்பூர்ல ஒருத்தருக்குமே குடியிருக்க வீடு இல்லன்னு எழுதிடுங்க. ஊர் பூரா யாருக்கும் இந்தப் பிரிவு கிடைக்காது. டிபார்ட்மென்ட்டுக்கு நல்ல வசூல்!"

ஆடிட்டர் சார் என் புடவைத் தலைப்பைப் பிடித்து உட்காரச் சொல்லி இழுத்தார். நான் உட்காரவில்லை.

"இவரு வாசல் ரூம தாண்டல சார். கோடவுன் எதுன்னு கண்டுபிடிக்க எங்க ஊர்ல மூக்கு ஆகாது. அதுக்கு வேற வழி இருக்கு. நீங்களே வந்து பாருங்க, நான் காட்டறேன்."

கோபப்படாத அந்த மனிதர் சிரித்துவிட்டார். "வர்றேன்மா" என்றார்.

தரை

அவர் வருகிற நாளன்று தானும் வருவேன் என்று சிஸ்டர் அடம்பிடித்தார். வாடகைக் காரில் கூட்டி வந்தோம். அந்தப் படிகளில் அவர் ஏற முடியாதே. கரீம் பாயின் பிள்ளைகள் நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் அறையில் இறக்கினார்கள். தெருவே கூடிவிட்டது. மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி இருந்தது.

ஐ.டி.ஓ. உள்ளே வந்தார். கைக்குட்டை எடுத்தார்.

"நாற்றம் இருக்கேம்மா" என்றார் சிஸ்டரிடம், மெதுவாக.

சிஸ்டர் ஒரு முறை மூச்சை இழுத்தார். முகம் சுளித்தார். "ஆமா சார். இருக்கு."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கல்யாணமானதுலேர்ந்து இந்த வூட்ல இருந்தவ நான். ஒரு நாள் கூட எனக்கு இந்த வாசனை தெரிஞ்சதில்ல" என்றார் சிஸ்டர். "இப்ப தெரியுது. ஹோம்ல டெட்டாலையே மோந்து மோந்து என் மூக்கு மாறிப் போச்சு சார். பாத்தீங்களா, என் வூட்டையே எனக்கு நாத்தமா காட்டுது."

அவர் குரல் அப்போதுதான் உடைந்தது. அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

"சார், கொஞ்சம் பக்கத்துல வாங்க" என்று ஐ.டி.ஓ.வையும் இன்ஸ்பெக்டரையும் கரீம் பாயின் நிஜமான கோடவுனுக்குக் கூட்டிப்போனேன். தெருக்கோடியில் இருந்தது. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் அடுக்குவார்கள். அந்த உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டித் தரையில் ஊறும். அன்று கோடவுன் காலி, ஆனாலும் தரை ஈரமாகப் பிசுபிசுத்தது. சிமெண்ட் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஜன்னல் கம்பி துருப்பிடித்து, தொட்டால் கையோடு வந்தது.

"சார், எங்க அப்பா டேனரி கணக்கு எழுதினவரு. கோடவுன் வாடகைக்கு எடுக்கப் போனா அவரு முதல்ல தரையத்தான் பார்ப்பாரு. உப்புத் தோல் ஒரு சீசன் வெச்சிட்டா போதும், சித்திரை வெயில்லயும் அந்தத் தரை காயாது. இரும்பு மிஞ்சாது. மறுபடி சிமெண்ட் போட்டாலும் உப்பு மேல வந்துடும். இத மறைக்க முடியாது. இப்ப வந்து சிஸ்டர் வீட்டுத் தரையப் பாருங்க."

திரும்பி வந்தோம். சிஸ்டர் வீட்டில் சிவப்பு சிமெண்ட் தரை. தூசியைத் தலைப்பால் துடைத்தேன். பளபளவென்று முகம் தெரிந்தது. ஐ.டி.ஓ. குனிந்து கையை வைத்துப் பார்த்தார். உள்ளறைக்குப் போனார், சமையலறைக்குப் போனார், ஒவ்வொன்றிலும் குனிந்து தொட்டார். சுவரில் ஒரு பொட்டு உப்பு இல்லை. சிஸ்டரின் இரும்புக் கட்டிலில் துரு இல்லை. பீரோவைத் திறந்தேன், கீல் சத்தம்கூடப் போடவில்லை. உள்ளே மடித்து வைத்த வெள்ளை நர்ஸ் புடவைகள், கல்யாணப் புடவை.

"இதையும் மோந்து பாருங்க" என்று கல்யாணப் புடவையை நீட்டினேன். மோந்தார். உடனே தள்ளிப் பிடித்தார். அதிலும் அதே வாசனை.

"பீரோவுக்குள்ள யாரு சார் தோல் அடுக்குவாங்க?" என்றேன்.

இன்ஸ்பெக்டர் மட்டும் இன்னும் விடுவதாக இல்லை. "ஆனாலும் சார், வெறும் காத்துல வர்ற வாசனை இவ்வளவு தூரம் ஒட்டுமா?"

சிஸ்டர் அவரைப் பக்கத்தில் கூப்பிட்டார். ஊசி போடப் போகிற நர்ஸ் குழந்தையிடம் பேசுகிற அதே குரல். "தம்பி, நீங்க ஆம்பூர்லயே தங்கி இருக்கீங்களாமே. கடைசியா ஊருக்கு எப்ப போனீங்க?"

"போன வாரம்."

"வூட்ல உங்க சம்சாரம் இன்னா சொன்னாங்க?"

இன்ஸ்பெக்டரின் காது மடல் சிவந்தது. ஐ.டி.ஓ. அவரையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"சொல்லுங்க" என்றார் ஐ.டி.ஓ.

"கொல்லப்பக்கமா வரச் சொல்லி, சட்டையெல்லாம் கிணத்தடியிலயே கழட்டிப் போடச் சொன்னா" என்றார் இன்ஸ்பெக்டர், தரையைப் பார்த்துக்கொண்டு. "குளிச்சப்பறம்தான் குழந்தைய குடுத்தா."

"அப்ப தம்பியும் கோடவுன் தானா?" என்றார் சிஸ்டர்.

முதலில் சிரித்தது ஐ.டி.ஓ. அப்புறம் பாய், அப்புறம் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த தெரு ஜனம் மொத்தமும். இன்ஸ்பெக்டரும் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. சிரித்து முடித்ததும் தானே மண்டி போட்டு, கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் தரையைத் தடவிப் பார்த்தார். உள்ளங்கையை விரித்து ஐ.டி.ஓ.விடம் காட்டினார். தூசிதான் இருந்தது. "காஞ்சு கெடக்கு சார். நான் வேற ரிப்போர்ட் எழுதித் தர்றேன்" என்றார்.

நான் அங்கேயே குதித்திருப்பேன். ஆடிட்டர் சார் இருந்ததால் அடக்கிக்கொண்டேன். பாய் எல்லாருக்கும் பிரியாணிக்குச் சொல்லிவிட்டார். டிபார்ட்மென்ட்காரர்கள் வேண்டாமென்று போய்விட்டார்கள், அவர்கள் பங்கையும் சேர்த்து நானும் சாரும் சாப்பிட்டோம். சார் அன்றுதான் எனக்குச் சம்பளம் ஏற்றுவதாகச் சொன்னார். ஜன்னலோர நாற்காலியிலிருந்து என்னை மாற்றவில்லை, அது வேறு விஷயம்.

பிறகு

வீடு முக்கியமாகச் சொந்தக் குடியிருப்புக்காகவே இருந்தது, வைத்தியத்துக்காக வெளியே தங்கியதால் அது மாறாது என்று ஐ.டி.ஓ. உத்தரவு போட்டார். சிஸ்டர் குறித்த காலத்துக்குள் படியில்லாத வீட்டை வாங்கினார். வரி ஒரு பைசா கிடையாது. எண்பதுகளில் அந்த இரண்டு வருடச் சொந்தக் குடியிருப்பு நிபந்தனையையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்களைக் கேட்டு எடுக்கவில்லைதான். ஆனாலும் கெஜட்டில் படித்த அன்று ஆபீசில் எல்லாருக்கும் நான் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன். என் பழைய எதிரி ஒருவன் ஒழிந்தான் என்று அவ்வளவு சந்தோஷம்.

பிள்ளைகளே, சட்டம் மாறிக்கொண்டே இருக்கும், அன்றன்றைக்கு உள்ளதைப் படித்துக்கொள்ளுங்கள். மாறாதது ஒன்று உண்டு. கட்சிக்காரருக்கு என்ன வேண்டும் என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். சிஸ்டருக்கு வேண்டியது வரி விலக்கு இல்லை. அது தெரிந்திருந்ததால்தான் அத்தனை பேர் முன்னால் என்னைக் கோடவுன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இல்லை. ஒரு வீட்டுக்குள் போனால் வாசலிலேயே நின்று முடிவெழுதாதீர்கள். உள்ளே போய்க் குனிந்து தரையைத் தொட்டுப் பாருங்கள்.

கல்யாணமாகி நானும் வேலூருக்கே குடிவந்த பிறகு ஒரு நாள் சிஸ்டர் வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. மறுபடி தட்டினேன்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஸ்டெல்லா, சிஸ்டர்."

"எந்த ஸ்டெல்லா?"

ஜன்னல் வழியாக அவருக்கு என்னை நன்றாகத் தெரிந்தது. எனக்கும் அவரைத் தெரிந்தது. சேரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கும் அவசரமே இல்லை. கோலை எடுத்து ஊன்றி, புடவையைச் சரி செய்து, மெதுவாக நடந்து வந்தார். உள்பக்கத்துத் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டு, அதையும் நிதானமாகத்தான் நகர்த்தினார். கதவு திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு வாசனை வந்து முகத்தில் அடித்தது. ஆம்பூர் பீரோவும் கட்டிலும் அங்கேதான் இருந்தன. என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வாசனை எனக்குத் தெரிந்தது, நான் மூக்கைப் பொத்தவில்லை.

"ரொம்ப நேரம் நிக்க வெச்சிட்டேனா?" என்றார்.

"இல்ல சிஸ்டர்."

"வர்றவங்க எல்லாரும் நிக்கத்தான் வேணும்" என்றார். நான் உள்ளே வந்ததும், மறுபடி தாழ்ப்பாளைப் போட்டார்.